உப்பை எடை போட்ட சுரங்கப் பள்ளி மாணவர்

கெமிஸ்ட்ரி லேபில் கண்டன்ஸரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் லீபிக் பெயரைச் சொல்கிறோம். அதே லீபிக் காலத்தில், அதே மண்ணையும் எருவையும் மாட்டையும் ஆராய்ந்து, சில விஷயங்களில் அவரையே முந்தி நின்ற ஒருவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ழான் பாப்திஸ்த் பூசங்கோ. பிரெஞ்சுக்காரர். அவர் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பெயர். ஆனால் எந்தக் கண்ணாடிக் குழாய்க்கும் அந்தப் பெயரை வைக்காததாலோ என்னவோ, நம் பாடப் புத்தகத்தில் இடம் கிடைக்கவில்லை.

1802-ல் பாரிஸில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடிக்கவில்லை. பொதுமக்களுக்கு இலவசமாக நடந்த விஞ்ஞானச் சொற்பொழிவுகளில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் ரசாயனம் பிடிபட்டது. பிறகு சான் எத்தியென் நகரச் சுரங்கப் பள்ளியில் சேர்ந்தார். பெரிய பெரிய என்ஜினீயர்களை உருவாக்கும் கல்லூரி அல்ல அது. சுரங்கத்தில் இறங்கி வேலை வாங்கத் தெரிந்த ஆட்களைத் தயார் செய்ய 1816-ல் தொடங்கிய தொழிற்பள்ளி. அதாவது, நம்ம ஜாதி! இருபது வயதைத் தொடுவதற்குள்ளேயே எஃகில் சிலிக்கான் இருப்பதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட்டார் ஆள். டிப்ளமோதானே என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

அல்சாஸ் பகுதியில் ஒரு சுரங்கத்தில் கொஞ்ச காலம் வேலை. அப்போதுதான் தென் அமெரிக்காவில் சிமோன் பொலிவார் ஸ்பெயினிடமிருந்து நாடுகளை விடுவித்துக்கொண்டிருந்தார். புதிய நாட்டுக்குச் சுரங்கம் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். புகழ்பெற்ற பயணி ஹம்போல்ட்டின் ஆதரவும் இருந்தது. 1822-ல் கப்பல் ஏறிவிட்டார். பத்து வருஷம் அங்கேதான். பொலிவாரின் படையில் அதிகாரிப் பதவி கூடக் கிடைத்தது. ஆனால் அவர் தூக்கிக்கொண்டு அலைந்தது துப்பாக்கியை விட, காற்றழுத்தமானியையும் தராசையும்தான்.

இன்றைய கொலம்பியாவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் அவர் கண்ணில் பட்டது முன்கழுத்துக் கழலை. தொண்டைக்குக் கீழே பை போலத் தொங்கும் வீக்கம். சில ஊர்களில் பெரியவர், சிறுவர் என்று பாதிப் பேருக்கு மேல் கழுத்து வீங்கியிருப்பது போலத் தோன்றும். வேறு சில ஊர்களில், அதே மலை, அதே மக்கள், ஒருவருக்கும் இல்லை. காற்றா? குளிரா? ரத்த சம்பந்தமா? பூசங்கோ அந்த வழியில் போகவில்லை. மக்கள் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள், எந்த உப்பைப் போட்டுச் சமைக்கிறார்கள் என்று பார்த்தார்.

அந்தியோக்கியா பகுதியில் குவாக்கா என்ற இடத்தில் உப்பு ஊற்றுகள் உண்டு. அந்த நீரைக் காய்ச்சி உப்பு எடுப்பார்கள். அந்த உப்பைச் சாப்பிடும் ஊர்களில் கழலை இல்லை. உப்பு எடுத்தபின் மிஞ்சும் நீரைக் கழலைக்கு மருந்தாகவே அங்குள்ளவர்கள் வைத்திருந்தார்கள். எந்த டாக்டரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பரம்பரை அனுபவம். அதை வாங்கிச் சோதித்தார். அயோடின்! லேபில் ஸ்டார்ச்சோடு சேர்ந்தால் நீலமாக மாறுமே, அதே அயோடின். கடற்பாசிச் சாம்பலிலிருந்து கூர்த்வா என்ற வெடியுப்புத் தொழிலாளர் அதைக் கண்டுபிடித்தது 1811-ல். ஜெனீவாவில் டாக்டர் க்வான்தே கழலைக்கு அயோடின் கொடுத்துப் பார்த்தது 1820-ல். பூசங்கோவின் குவாக்கா உப்புக் கட்டுரை வந்தது 1825-ல். எவ்வளவு சூட்டோடு சூடாக என்று பாருங்களேன்!

அதோடு விடவில்லை. கழலை உள்ள ஊர்களுக்கெல்லாம் அயோடின் கலந்த இந்த இயற்கை உப்பை வழங்க வேண்டும் என்று 1830-களின் தொடக்கத்தில் எழுதினார். மருந்துக் கடை வேண்டாம், வைத்தியர் வேண்டாம், உப்புக் கடை போதும் என்ற யோசனை. உலகத்தில் அந்த யோசனையை இவ்வளவு தெளிவாக முதலில் சொன்னவர்களில் அவர் ஒருவர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தைச் சரியாகச் சொன்ன பூசங்கோ, நோயின் காரணத்தைத் தப்பாகத்தான் சொன்னார். உயரமான மலைத் தண்ணீரில் கரைந்த காற்று குறைவு, அதனால்தான் கழலை என்று நினைத்தார். உண்மை வேறு. மண்ணிலுள்ள அயோடினை மழையும் பனியாறும் ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கழுவிக் கடலுக்குக் கொண்டு போய்விடுகின்றன. மலை மண்ணில் மிச்சம் கொஞ்சம்தான். மண்ணில் இல்லாதது புல்லில் இல்லை, புல்லில் இல்லாதது பாலில் இல்லை, ஊற்றுத் தண்ணீரிலும் இல்லை. கிடைக்கும் துளியைப் பிடித்து வைக்க தைராய்டு சுரப்பி பெருத்துப் பெருத்து வீங்குகிறது. ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் எழுபது வருஷத்துக்கும் சேர்த்து 4 கிராம் கூட வராது. அது கிடைக்காத தாய்க்குப் பிறக்கும் குழந்தை காது கேளாமல், வாய் பேசாமல், மூளை வளராமல் போகலாம். கழுத்து வீக்கம் வெளியே தெரிவது. பெரிய நஷ்டம் உள்ளே. ஆடு மாடுகளுக்கும் இதே கதைதான். செத்துப் பிறக்கும் குட்டிகளும், ரோமமே இல்லாமல் பிறக்கும் பன்றிக்குட்டிகளும் இந்தக் குறையால் வருவதுண்டு.

1831 டிசம்பரில் சிம்பராசோ எரிமலையில் சுமார் 6,000 மீட்டர் உயரம் வரை ஏறி, அன்றைக்கு அது ஒரு சாதனை, அடுத்த வருஷம் பிரான்ஸ் திரும்பினார். 1835-ல் திருமணம். பெண் வீட்டாருக்கு அல்சாஸில் பெஷல்ப்ரோன் என்ற ஊரில் நிலம் இருந்தது. மாமனார் வீட்டு நிலம் கிடைத்தால் சிலர் என்ன செய்வார்கள் என்பது வேறு விஷயம். பூசங்கோ அதை லேபாக மாற்றிவிட்டார்! வயலில் போட்ட எரு எத்தனை, அதில் நைட்ரஜன் எத்தனை, அறுவடையில் போனது எத்தனை என்று பயிர்ச் சுழற்சி முழுவதற்கும் எடை போட்டு வரவு செலவு எழுதினார். உலகின் முதல் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை இதுதான் என்று பலர் சொல்கிறார்கள்.

அடுத்தது மாட்டுத் தொழுவம். ஒரு கறவைப் பசுவுக்கு உலர்ந்த புல்லும் உருளைக்கிழங்கும் எடை போட்டுக் கொடுத்தார். குடித்த தண்ணீரையும் அளந்தார். பால், சாணம், மூத்திரம் எல்லாம் பிடித்து எடை போட்டுப் பகுப்பாய்வு. நமக்கு ஒரு டைட்ரேஷன் ரீடிங் ஒத்து வரவில்லை என்றாலே வியர்க்கிறது. இந்த மனிதர் சாணத்தில் ரீடிங் எடுத்திருக்கிறார்! உள்ளே போன நைட்ரஜனை விட வெளியே வந்தது குறைவு. ஆக மாடு காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கவில்லை, எல்லாம் தீவனத்திலிருந்துதான். 1839-ல் இதைச் சொன்னார்.

பன்றியை வைத்து நடத்திய சோதனை இன்னும் சுவாரஸ்யம். உருளைக்கிழங்கு தின்று வளர்ந்த பன்றியின் எலும்பில் சேர்ந்த சுண்ணாம்பு, கிழங்கில் இருந்ததை விட அதிகம். எங்கிருந்து வந்தது? குடித்த தண்ணீரிலிருந்து! கடின நீர் என்றால் பாய்லரில் படியும், சோப்பு நுரைக்காது என்றுதான் நாம் படிக்கிறோம். அது எலும்பாகவும் மாறும் என்பது 1840-களிலேயே தராசில் தெரிந்த சங்கதி.

இளங்காளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு உப்பு, மற்றதற்குத் தீவனம் மட்டும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் வளர்த்தார். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உப்பில்லாத காளைகளின் தோல் மங்கி, முடி கலைந்து அங்கங்கே உதிர்ந்தது. எடை ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் உப்பு தேவையே இல்லை என்று முடித்திருப்பார். மாட்டையும் பார்த்தார்.

பயறு வகை விஷயத்தில்தான் அவருக்குச் சோதனை. சுட்டெடுத்த மணலில் வளர்த்த க்ளோவரும் பட்டாணியும் நைட்ரஜனைக் கூட்டிக்கொண்டன, கோதுமை கூட்டவில்லை. 1838-ல் இதை வெளியிட்டார். பிறகு 1850-களில் இன்னும் சுத்தமாக, மூடிய கண்ணாடிக்குள் வளர்த்துப் பார்த்தால், கூடவே இல்லை! தன் பழைய முடிவைத் தானே விட்டுவிட்டார். அதிகச் சுத்தம்தான் வினை. வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியாதான் அந்த வேலையைச் செய்கிறது என்று ஜெர்மனியில் 1886-ல் தெரிய வந்தது. பழைய பூசங்கோதான் சரி.

அரசியலிலும் கொஞ்சம் கால் வைத்தார். 1848-ல் தேசிய சபை உறுப்பினர், மிதவாதக் குடியரசுக் கட்சிக்காரர். அந்தக் கருத்துக்காகவே 1851-ல் பேராசிரியர் வேலை போனது. கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ராஜினாமா செய்வோம் என்று நின்றதும் வேலை திரும்பி வந்தது. யூனியன் மலரில் இதை எழுதாமல் விடலாமா?

சரி, அந்த உப்பு என்ன ஆயிற்று? 1850-களில் ஷாத்தன் என்பவர் பிரான்ஸின் ஊர் ஊராகத் தண்ணீரிலும் மண்ணிலும் அயோடினை அளந்து, குறைவான இடத்தில்தான் கழலை என்று காட்டினார். விஞ்ஞானக் கழகம் நம்பவில்லை. 1860-களில் மூன்று மாவட்டங்களில் உப்பில் அயோடைடு கலந்து கொடுத்தும் பார்த்தார்கள். ஆனால் அளவு? கிலோவுக்கு 100 முதல் 500 மில்லிகிராம் வரை. பலருக்குக் கழலை குறைந்தது. சிலருக்கோ படபடப்பு, உடல் மெலிவு என்று புதுத் தொல்லை. அளவைக் குறைப்பதற்குப் பதில் திட்டத்தையே மூட்டை கட்டினார்கள். எதற்கும் எடை போடும் பூசங்கோவின் நாட்டிலேயே இது நடந்தது.

1887-ல் பாரிஸில் காலமானார். தைராய்டுக்குள் அயோடின் இருப்பதே 1895-ல்தான் தெரிந்தது. அயோடின் உப்பு சுவிட்சர்லாந்தில் கடைக்கு வந்தது 1922-ல், அமெரிக்காவின் மிச்சிகனில் 1924-ல். அவர் எழுதி ஏறக்குறைய 90 வருஷம்! நம் நாட்டில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-ல் இமயமலை அடிவாரக் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கினார்கள். மூன்று பகுதியில் இரண்டுக்கு அயோடின் உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில வருஷங்களில் அந்த இரண்டிலும் கழலை மளமளவென்று குறைந்தது; பிறகு மூன்றாவது பகுதிக்கும் கொடுத்துவிட்டார்கள். இன்று கடைக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் என்பது சட்டம். கடலில் அயோடின் இருக்கிறதே, தூத்துக்குடிக் கல்லுப்பு போதாதா என்று கேட்பவர்கள் நம் வீட்டிலும் உண்டு. போதாது. கடல்நீரைக் காயவைத்து எடுக்கும் உப்பில் தங்கும் அயோடின் பெயரளவுக்குத்தான். குவாக்கா ஊற்று போல எல்லா உப்புக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

பூசங்கோவின் பெயர் ஒரு கனிமத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது: பூசங்கோவைட். அம்மோனியமும் மெக்னீசியமும் சேர்ந்த சல்பேட். அதுவும் ஒரு உப்புதான்.