கோழிக் கொட்டகையில் பிறந்த படங்கள்

போன பருவ விடுமுறையில் என் பாட்டியை வீட்டு அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து முப்பத்திரண்டு படங்கள் எடுத்தேன். முப்பத்திரண்டும் சேர்ந்து ஒரே படம். முதலில் பாட்டியின் முகம், பிறகு கைகள், நாற்காலி, பூச்சட்டிகள், சன்னல், கூரை ஓரம் என்று துண்டு துண்டாக எடுத்துக் கணினியில் மென்பொருளைக் கொண்டு ஒட்டவைக்க வேண்டும். முகம் மட்டும் தெளிவாக நிற்க, பின்னாலிருக்கும் வீடு பனிபோல் கரைந்திருக்கும். நியூயார்க்கில் திருமணப் படங்கள் எடுக்கும் ரையன் பிரெனைசர் இதைப் பரவலாக்கியதால் இதற்குப் பிரெனைசர் முறை என்றே பெயர்.

ஏன் இந்தச் சிரமம்? ஒருவரின் அருகில் நின்று பெரிய திறப்புள்ள லென்ஸில் படமெடுத்தால் பின்னணி நன்றாக மங்கும். ஆனால் சட்டகத்துக்குள் முகமும் தோளும்தான் அடங்கும். முழு வீடும் தெரியட்டும் என்று பின்னால் போனால் மங்கல் போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால், நின்ற இடத்திலேயே நின்று சுற்றிலும் துண்டுகளாக எடுப்பதே வழி. ஃபோக்கஸ், வெளிச்ச அளவு, நிறச் சமநிலை மூன்றையும் முதல் படத்திலேயே பூட்டிவிட வேண்டும். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு மூன்றில் ஒரு பங்காவது மேற்படிய வேண்டும். எடுக்கப்படுபவர் அசையவே கூடாது.

பாட்டி அசைந்தார். பூனையை விரட்டக் கையைத் தூக்கினார். முதல் முயற்சியில் அவருக்கு மூன்று கைகள் வந்துவிட்டன. இரண்டாவது முயற்சியில் படம் சரியாக வந்தது. வந்ததைப் பார்த்தபோது, எங்கோ பழைய புத்தகத்தில் பார்த்த படங்களின் சாயல் அதில் இருப்பதாகத் தோன்றியது. பல்கலைக்கழக நூலகத்தில் தேடினேன். அப்படித்தான் ஜூலியா மார்கரெட் கேமரனிடம் போய்ச் சேர்ந்தேன். (கேமரன் என்பது அவருடைய கணவரின் குடும்பப் பெயர். கேமரா என்ற சொல்லோடு அதற்குச் சம்பந்தமில்லை.)

ஜூலியா 1815 ஜூன் 11ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. தாய் பிரெஞ்சு வழி வந்தவர். அழகுக்குப் பேர்போன சகோதரிகளிடையே ஜூலியா மட்டும் அழகி என்று பெயர் வாங்கவில்லை. பேச்சுத் திறமைக்கும் பிடிவாதத்துக்கும்தான் பெயர் வாங்கினார். சிறு வயதில் பெரும்பகுதி பிரான்சில் வளர்ந்தார்.

உடல்நலம் தேற 1836இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனவர் அங்கே இருவரைச் சந்தித்தார். ஒருவர், தெற்கு வானத்தின் விண்மீன்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த வானியலாளர் சர் ஜான் ஹெர்ஷல். படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ கரைசலின் தன்மையைக் கண்டறிந்தவர். நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களைப் படக்கலைக்குத் தந்தவர். கடைசிவரை ஜூலியாவுக்கு ஆசானும் நண்பருமாக இருந்தார். இன்னொருவர் சார்ல்ஸ் ஹே கேமரன், ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவர். இருவருக்கும் 1838இல் கல்கத்தாவில் திருமணம் நடந்தது.

சார்ல்ஸ் சட்ட அறிஞர். 1830களின் தொடக்கத்தில் இலங்கையின் ஆட்சிமுறையையே மாற்றியமைத்த கோல்புரூக் - கேமரன் குழுவின் கேமரன் இவர்தான். பின்னர் மெக்காலேயின் சட்ட ஆணையத்தில் இருந்தார். அந்த ஆணையம் வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம்தான் நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்துக்கும் சிங்கப்பூரின் சட்டத்துக்கும் மூலம். சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தப் பெயரை எங்காவது பார்த்திருக்கலாம்.

1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1860இல் வைட் தீவின் ஃபிரெஷ்வாட்டரில், கவிஞர் டென்னிசனின் வீட்டுக்கு அருகே குடியேறினார்கள். வீட்டுக்கு டிம்போலா என்று பெயர் வைத்தார்கள். இலங்கை மலைநாட்டில் அவர்களுடைய காப்பித் தோட்டம் இருந்த பகுதியின் பெயர் அது.

1863 டிசம்பரில் சார்ல்ஸ் தோட்டங்களைப் பார்க்க இலங்கை போயிருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தாய் தனிமையில் வாடுவதைப் பார்த்த மகளும் மருமகனும் ஒரு மரப்பெட்டிக் கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பொழுதுபோக்காக இருக்கட்டும் என்பதே அவர்கள் நினைப்பு. ஆறு பிள்ளைகளின் தாயான ஜூலியாவுக்கு அப்போது வயது 48.

நிலக்கரி அறை இருட்டறை ஆனது. கோழிகளை விடுவித்துவிட்டு, கண்ணாடி போட்டிருந்த கோழிக் கொட்டகையைப் படப்பிடிப்புக் கூடமாக்கினார். வழிகாட்ட ஆளில்லை. ஒரு மாதம் போவதற்குள், 1864 ஜனவரியில், ஆனி ஃபில்பாட் என்ற சிறுமியை எடுத்த படம் தேறியது. அதைத் தம் முதல் வெற்றி என்று அவரே குறித்துவைத்தார். அன்று மகிழ்ச்சியில் அந்தப் பிள்ளைக்குப் பரிசு கொடுக்க வீடெல்லாம் தேடினாராம்.

அந்தக் காலத்து வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவருடைய உழைப்பு புரியும். கனமான கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மீது கொலோடியன் என்ற பசையைச் சீராக ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கேமராவில் செருகிப் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தாக வேண்டும். தூசி விழுந்தால் புள்ளி. கை பட்டால் ரேகை. பசை சரியாக ஊற்றாவிட்டால் கோடு. வெள்ளி நைட்ரேட் கைகளைக் கறுப்பாக்கிவிடும். கறையைப் போக்க அவர் பயன்படுத்திய பொட்டாசியம் சயனைடு கொடிய நஞ்சு. ஹெர்ஷல் கவலைப்பட்டு எச்சரித்தார்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். என் பாட்டியால் ஒரு நிமிடம் முடியவில்லை. விருந்தாளிகள், வேலைக்காரிகள், தபால் கொண்டுவந்தவர் என்று யாரையும் ஜூலியா விட்டுவைக்கவில்லை. சார்ல்ஸ் டார்வின் 1868 கோடையில் குடும்பத்தோடு வந்து அவருடைய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார், அவரும் தப்பவில்லை. 1867இல் ஹெர்ஷலை எடுக்கும்போது, தலையைக் கழுவிவிட்டு நரைமுடி பறக்கும்படி உட்காரச் சொன்னார். இருட்டிலிருந்து அந்த முகம் மட்டும் வெளியே வருவதுபோல் இருக்கும் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இனி என் முப்பத்திரண்டு துண்டுகளுக்கு வருகிறேன். பின்னணி எவ்வளவு மங்கும் என்பதில் லென்ஸ் திறப்பின் விட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும். நான் இரவல் வாங்கிய ஃபுல் ஃபிரேம் கேமராவில் இருந்தது 85 மி.மீ., எஃப்/1.8 லென்ஸ். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 47 மி.மீ. வரும். துண்டுகளை ஒட்டியபின் என் படத்தின் பரப்பு 35 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு விரிந்தது. 35ஐ 47ஆல் வகுத்தால் 0.74. அதாவது ஒட்டிய படம் 35 மி.மீ., எஃப்/0.74 லென்ஸில் எடுத்தது போன்றது. அப்படி ஒரு லென்ஸைக் கடையில் வாங்க முடியாது. ஒட்டுவதன் முழு இரகசியமும் இதுதான்: துண்டுகளைச் சேர்ப்பதால் கேமராவின் உணர்பரப்பு பெரிதானதுபோல் ஆகிவிடுகிறது.

ஜூலியாவுக்கு ஒட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. அவருடைய உணர்பரப்பே பெரியது. 1866இல் அவர் 15க்கு 12 அங்குலத் தகடு கொள்ளும் பெரிய கேமராவுக்கு மாறினார். லென்ஸ் 30 அங்குலக் குவியத் தூரமுள்ள டால்மேயர், எஃப்/8. எஃப்/8 என்றதும் இன்றைய மாணவர்கள் அதில் எல்லாமே தெளிவாகத் தெரியுமே என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டால் திறப்பின் விட்டம் 95 மி.மீ., என் லென்ஸைப்போல் இரண்டு மடங்கு. இன்றைய ஃபுல் ஃபிரேம் அளவுக்கு மாற்றினால் 67 மி.மீ., எஃப்/0.7 என்று வருகிறது. நான் முப்பத்திரண்டு துண்டுகளால் எட்டிப் பிடித்த எண்ணும் அவருடைய ஒரே தகட்டின் எண்ணும் ஏறக்குறைய ஒன்று. காகிதத்தில் அந்த விடை வந்தபோது நான் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

இத்தனை குறுகிய குவிய ஆழத்தில் கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். ஆள் இலேசாக மூச்சுவிட்டாலும் போதும். மற்ற படக்காரர்கள் திறப்பைச் சுருக்கி எல்லாவற்றையும் தெளிவாக்கினார்கள். ஜூலியா, லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் முகம் தம் கண்ணுக்கு அழகாகப் பட்டதோ அங்கேயே நிறுத்திவிட்டார்.

படக்கலைச் சங்கத்தார் சும்மா இருக்கவில்லை. ஃபோக்கஸ் பிடிக்கத் தெரியாதவர், தகட்டில் கோடும் விரல் ரேகையும் விடுபவர், அடிப்படையே கற்காதவர் என்று அவர்களுடைய இதழ்கள் எழுதின. அந்தக் குறைகள் உண்மைதான். கீறல் விழுந்த தகட்டையும் படம் பிடித்திருந்தால் அவர் அச்சிட்டார். அதேசமயம் அவர் ஏனோதானோ என்று வேலை செய்தவரும் அல்லர். 500க்கும் அதிகமான படங்களுக்கு முறைப்படி காப்புரிமை பதிந்தார். இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படும் அன்றைய சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இல் அவருடைய படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1868இல் அங்கேயே இரண்டு அறைகளைப் படப்பிடிப்புக்காகக் கொடுத்தது.

எல்லாப் படங்களும் எனக்குப் பிடித்தன என்று சொல்லமாட்டேன். சிறுவர்களுக்கு அன்னச் சிறகு கட்டித் தேவதையாக்கிய படங்களை வேகமாகப் புரட்டிவிட்டேன். தங்கை மகள் ஜூலியா ஜாக்சனின் முகத்தை 1867இல் எடுத்த படங்களில்தான் நின்றுவிட்டேன். அந்தப் பெண் பின்னாளில் எழுத்தாளர் வர்ஜினியா உல்ஃபின் தாயானார். உல்ஃப் 1926இல், ரோஜர் ஃபிரையோடு சேர்ந்து, பெரியம்மாப் பாட்டியின் படங்களைத் தொகுத்து நூலாக்கினார்.

மேரி ரயனின் கதையும் உண்டு. பிச்சையெடுத்த ஐரிஷ் பெண் ஒருத்தியின் மகள். ஜூலியா அவளைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு வளர்த்தார், வேலையும் படிப்பும் தந்தார், படமும் எடுத்தார். அந்தப் படங்களைக் கண்ட ஹென்றி காட்டன் அவளை மணந்துகொண்டார். அவர் இந்திய ஆட்சிப் பணியில் உயர்ந்து, 1904இல் இந்தியத் தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்.

1875இல் ஜூலியாவும் சார்ல்ஸும் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்குக் கப்பலேறினார்கள். போகிற இடத்தில் கிடைக்காமல் போகலாம் என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுபோனார்கள். வெறும் பெட்டி எதற்கு என்று உள்ளே பீங்கான், கண்ணாடிச் சாமான்களை அடுக்கிக்கொண்டார்கள். காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய வருமானமும் சுருங்கிவந்தது.

களுத்துறையில் கடலோர வீட்டில் அவர் மீண்டும் கேமராவை எடுத்தார். அந்த வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கொலோடியன் வேலை எளிதல்ல. 1877இல் அங்கே வந்து தங்கிய ஓவியர் மரியான் நார்த்துக்கு அந்த வெயிலில் கம்பளிச் சால்வை போர்த்தி, தென்னங்கீற்று தலையில் குத்த, இயல்பாக இருக்கச் சொல்லிப் படமெடுத்தார். இலங்கைப் படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய முப்பதுதான். மொத்தமாக அவர் எடுத்த படங்களில் இன்று தெரியவருபவை 1,200 அளவில் இருக்கும்.

அந்த முப்பதில் சிங்களக் கிராமத்தார் இருக்கிறார்கள். காப்பித் தோட்டத்துத் தமிழ்க் கூலிகளும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தே போனவர்களின் மக்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். ஹெர்ஷலுக்கும் டார்வினுக்கும் பார்த்த அதே கண்ணோடு அவர்களையும் பார்த்தாரா? சில படங்களில் பார்த்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் படத்தின் கீழ் பெயர் இல்லை. 1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படத்தில் சிறுமிக்கு வயது 12 என்றும், தந்தை தமக்கு நூறு வயது என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். வயதைக் கேட்டவர் பெயரை எழுதவில்லை. வைட் தீவின் வேலைக்காரிக்குப் பெயர் இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. ஜூலியாவை மதிக்கும் நான் இந்த இடத்தில் அவரோடு சண்டை போடுகிறேன்.

1879 ஜனவரி 26ஆம் தேதி டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா காலமானார். மறு ஆண்டு சார்ல்ஸ் போனார். பொகவந்தலாவையில் தேயிலை மலைகளுக்கு நடுவே புனித மேரி தேவாலயத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, பாட்டியின் அலமாரியில் இருக்கும் தோட்டத்துப் படம் நினைவுக்கு வந்தது. லயத்து முன்னால் பதினொரு பேர் நிற்கும் பழுப்பேறிய படம். சிறு வயதிலிருந்து பார்த்த படம்தான். அதில் பாட்டியைத் தவிர யாரையும் எனக்குத் தெரியாது. எடுத்துப்போய் மடியில் வைத்து ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒன்பது பேரின் பெயரைப் பாட்டி உடனே சொன்னார். பத்தாவது ஆளின் பெயருக்கு அரைமணி நேரம் பிடித்தது. படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் வரிசையாக எழுதிவைத்தேன். கடைசியில் நிற்கும், தலையில் துண்டு கட்டிய பெண் யாரென்று பாட்டிக்கு நினைவில்லை. சுங்கை சிப்புட்டில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றார். படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருக்கிறோம்.