லெம்பெர்க் கோட்டையின் அன்னை

புனிதையரின் வரலாறு என்றதும் கன்னிமடத்து மதில்களும், மறைசாட்சியர் சிந்திய இரத்தமும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பே. ஆனால், இல்லறத்தில் வாழ்ந்து, கணவரையும் மக்களையும் பேணி, அவ்வாழ்விலேயே புனித நிலையை எய்திய பெண்மணிகளும் உளர். அவர்களுள் ஒருவர் செக் நாட்டின் புனித ஸ்திஸ்லாவா அம்மையார்.

செக் நாட்டின் வட எல்லையில், ஜெர்மனியை ஒட்டிய மலைப்பகுதியில், யாப்லோன்னே என்னும் சிறு நகரம் உள்ளது. அதற்கு அருகே குன்றின்மீது நிற்பது லெம்பெர்க் கோட்டை. 13-ஆம் நூற்றாண்டில் இக்கோட்டையின் தலைவியாக விளங்கியவரே நம் அம்மையார்.

இவர் ஏறத்தாழ 1220-ஆம் ஆண்டில், மொராவியா நாட்டில் உள்ள கிரிஷானோவ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பிரிபிஸ்லாவ், அரசரின் நம்பிக்கைக்குரிய பிரபு. தாய் சிபில்லா, பக்தி மிக்கவர். சிறுமியாய் இருந்தபோதே, காட்டில் தனித்திருந்து தவம் செய்ய விரும்பி ஸ்திஸ்லாவா வீட்டைவிட்டுச் சென்றார் என்றும், பெற்றோர் தேடி அழைத்து வந்தனர் என்றும் மரபு கூறுகிறது. ஆனால் இறைவனின் திட்டம் வேறாக இருந்தது. இளமையிலேயே ஹாவெல் என்னும் எல்லைப்புறப் பிரபுவுக்கு அவர் மனைவியானார். நான்கு குழந்தைகளுக்குத் தாயுமானார்.

ஹாவெல் போர்வீரர். எல்லையைக் காப்பது அவர் கடமை. கோட்டை என்பது பகைவரை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டப்படுவது அல்லவா? ஆனால் கோட்டைத் தலைவியோ அதன் கதவுகளை ஏழைகளுக்குத் திறந்துவிட்டார். அக்காலம் கொடிய காலம். 1241-இல் மங்கோலியப் படைகள் மொராவியாவில் புகுந்து ஊர்களைப் பாழாக்கின. வீடிழந்து வந்தவர்களுக்கு அம்மையார் உணவும் உறைவிடமும் தந்தார் என்பர். நோயாளிகளின் புண்களைத் தம் கையாலேயே கழுவி மருந்திட்டார். பணிப்பெண்கள் பலர் இருந்தும் அவ்வேலையைப் பிறரிடம் விடவில்லை.

கணவருக்கு இது எப்போதும் உவப்பாக இருந்ததில்லை போலும். செக் நாட்டு மக்கள் இன்றும் சொல்லும் ஒரு கதை உண்டு. ஒருநாள் காய்ச்சலால் வாடிய பிச்சைக்காரர் ஒருவரை அம்மையார் தம் கணவரின் படுக்கையிலேயே கிடத்தினார். வீடு திரும்பிய ஹாவெல், செய்தி அறிந்து சினந்து, போர்வையை இழுத்தார். அங்கே கண்டது பிச்சைக்காரரை அன்று. சிலுவையில் அறையுண்ட ஆண்டவரின் திருவுருவத்தை! அவர் சினம் தணிந்தது. இக்கதையில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மையார் கணவரைப் பகைக்கவும் இல்லை. அவருக்கு அஞ்சி அறத்தைக் கைவிடவும் இல்லை. பொறுமையோடு தம் பணியைத் தொடர்ந்தார். நாளடைவில் ஹாவெல் மனைவியின் துணைவராகவே மாறினார். புனித சாமிநாதர் சபைத் துறவியருக்காக யாப்லோன்னேயிலும் துர்னோவிலும் மடங்கள் எழ இருவரும் உதவினர். யாப்லோன்னே ஆலயத்துக்கு இரவு வேளையில் அம்மையார் தாமே கல் சுமந்தார் என்றும் சொல்வர்.

1252-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 32 வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். யாப்லோன்னே ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த செக் மொழிச் செய்யுள் வரலாற்று நூல் ஒன்று, நோயுற்றோருக்கு அவர் ஆற்றிய பணியைப் போற்றுகிறது. 1699-இல் அவர் கல்லறையின்மீது இன்றுள்ள பெரிய ஆலயத்தின் கட்டட வேலை தொடங்கியது. 1907-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

பின்னர் அந்நாட்டுத் திருச்சபைக்குச் சோதனைக் காலம் வந்தது. 1950-இல் பொதுவுடைமை அரசு துறவற மடங்களை மூடியது. ஆயினும் மக்கள் அம்மையாரை மறக்கவில்லை. 1989-இல் அந்த ஆட்சி வீழ்ந்தது. 1995 மே 21 அன்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஒலொமோட்ஸ் நகருக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் இறந்து 743 ஆண்டுகள் கழிந்திருந்தன!

லெம்பெர்க் கோட்டை பிற்காலத்தில் மாளிகையாக மாற்றிக் கட்டப்பட்டது. அதைக் காணப் பயணிகள் வருகின்றனர். அருகேயுள்ள கல்லறையிலோ மக்கள் முழந்தாளிட்டுச் செபிக்கின்றனர். குடும்பத் துன்பங்களில் உழல்வோர் அவர் பரிந்துரையை நாடுகின்றனர்.

அன்புத் தங்கையரே, நம்மில் சிலர் துறவறம் பூணலாம். பலர் இல்லறம் ஏற்கலாம். எங்கிருந்தாலும் புனிதம் நமக்கு எட்டாத கனி அன்று. நம் வீட்டு வாயிலில் பசியோடு நிற்பவருக்குக் கதவைத் திறப்போம். அதைத் தடுப்பவரையும் அன்பால் வெல்வோம். புனித ஸ்திஸ்லாவா அம்மையார் நம் இல்லங்களுக்காக இறைவனை மன்றாடுவாராக!