தாதாசாகெப் பால்கே

தாதாசாகெப் பால்கே (ஏப்ரல் 30, 1870 - பெப்ரவரி 16, 1944) இந்தியத் திரைப்படத் துறையின் தந்தை எனக் கருதப்படும் இயக்குநரும் தயாரிப்பாளரும் ஆவார். இவரது இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. கதைப்படங்களுடன் அசைவூட்டப் படத்தையும் உருவாக்கிய முன்னோடி இவர்.

வாழ்க்கைக் குறிப்பு

மகாராட்டிரத்தின் நாசிக் நகருக்கு அருகிலுள்ள திரிம்பக்கில் பிறந்தார். தந்தை வடமொழி அறிஞர். மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளியிலும் பரோடாவின் கலாபவனிலும் ஓவியம், ஒளிப்படக்கலை ஆகியவற்றைக் கற்றார். கோத்ராவில் ஒளிப்பட நிலையம் நடத்தியபோது முதல் மனைவியையும் குழந்தையையும் கொள்ளைநோயில் இழந்தார். பின்னர் தொல்லியல் துறையில் வரைவாளராகப் பணியாற்றினார். அச்சுத் தொழிலிலும் ஈடுபட்டார்.

திரைத்துறையில்

1911 இல் மும்பையில் இயேசுவின் வாழ்க்கை பற்றிய படமொன்றைப் பார்த்த பால்கே, இந்தியப் புராணக் கதைகளையும் அவ்வாறே படமாக்க விரும்பினார். ஆயுள் காப்பீட்டை அடகு வைத்து 1912 இல் இலண்டன் சென்று, படக்கருவி வாங்கித் திரும்பினார். பட்டாணிச் செடி வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பதிவு செய்து ஒரு குறும்படம் எடுத்தார். அதைக் காட்டியே முதலீடு திரட்டினார். இரண்டாம் மனைவி சரசுவதிபாய் தம் நகைகளைத் தந்ததோடு, படச்சுருள் பணிகளிலும் உதவினார்.

ராஜா ஹரிச்சந்திரா மே 3, 1913 அன்று மும்பை காரனேசன் அரங்கில் வெளியானது. நடிக்கப் பெண்கள் முன்வராததால் அண்ணா சாளுங்கே என்ற ஆடவர் தாராமதியாக நடித்தார். அதே ஆண்டின் மோகினி பஸ்மாசுரில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்தனர்.

அசைவூட்டப் படம்

முதல் உலகப்போர்க் காலத்தில் படச்சுருளும் முதலீடும் அரிதாயின. அப்போது, 1915 இல், தீக்குச்சிகளைக் கொண்டு அகாட்யாஞ்சி மௌஜ் என்ற குறும்படத்தை உருவாக்கினார். குச்சிகளைச் சிறிது நகர்த்தி ஒவ்வொரு சட்டமாகப் படம் பிடித்தால், திரையில் அவை தாமே நகர்வதாகத் தோன்றும். பட்டாணிச் செடிப் படத்தைப் போலவே இதுவும் சட்டம் சட்டமாக எடுக்கப்பட்டது. இதன் படச்சுருள் இன்று கிடைக்கவில்லை.

பிற்காலம்

லங்கா தகனம் (1917) பெருவெற்றி பெற்றது. 1918 இல் வணிகர்கள் சிலருடன் இந்துஸ்தான் திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். காளிய மர்த்தனத்தில் (1919) மகள் மந்தாகினி சிறுவன் கண்ணனாக நடித்தார். பங்காளிகளுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் விலகிக் காசிக்குச் சென்றவர், சில ஆண்டுகளில் திரும்பினார். ஆனால் பேசும்படங்கள் வந்தபின் அவரது பாணி வழக்கொழிந்தது. கங்காவதரண் (1937) அவர் இயக்கிய கடைசிப் படமாகும். 1944 இல் நாசிக்கில் காலமானார்.

நினைவு

இந்திய அரசு 1969 முதல் இவர் பெயரில் விருது வழங்கி வருகிறது. சிவாஜி கணேசன் (1996), கே. பாலச்சந்தர் (2010), ரஜினிகாந்த் (2019) ஆகியோர் இவ்விருதைப் பெற்ற தமிழ்த் திரைக்கலைஞர்களுள் சிலர்.