புள்ளிச் சிறகு நுளம்பும் மருத்துவர் றொனால்ட் றொஸ்ஸும்

மொன்றியலின் கோடை மாலைகளில் பூங்காவுக்குச் செல்லும் நம் சிறுவர் நுளம்புக் கடியைச் சொறிந்தபடி வீடு திரும்புவதை நாம் அறிவோம். நுளம்பும் இலையானைப் போன்று இரு சிறகுடைய பூச்சியே. அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள. அவற்றைப் பிரித்தறிய இயலாமல் ஈராண்டுகள் தோல்வியுற்று, பின்னர் பிரித்தறிந்து புகழெய்திய ஒருவரின் வரலாற்றை இங்கே கூற விழைகின்றோம்.

றொனால்ட் றொஸ் 1857 மே 13 இல் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தார். தந்தையார் படை அதிகாரி. மைந்தருக்கோ கவிதையிலும் இசையிலுமே நாட்டம். எனினும் தந்தையாரின் விருப்பப்படி லண்டனில் மருத்துவம் கற்று, 1881 இல் இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்து சென்னை மாகாணத்திற் பணியாற்றினார். 1894 இல் விடுமுறையில் லண்டன் சென்றபோது, பற்றிக் மான்சன் என்னும் அறிஞர் மலேரியா ஒட்டுண்ணியை அவருக்கு நுணுக்குக்காட்டியிற் காட்டி, அதனை நுளம்பே காவுகின்றது என்னும் தம் ஐயத்தையும் தெரிவித்தார்.

1895 இல் செக்கந்தராபாத் திரும்பிய றொஸ், நோயாளரைக் கடித்த நுளம்புகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். எதுவும் தென்படவில்லை. அவர் வளர்த்தவை மலேரியாவைக் காவாத இனங்கள் என்பதை அவர் அறியார். பூச்சியியல் அவர் கற்ற துறையன்று; வழிகாட்டும் நூலும் கையில் இல்லை. ஆகவே கடைக்காரர் துணிக்குப் பெயரிடுவது போல, சாம்பல் நுளம்பு, வரி நுளம்பு என்று நிறத்தால் அழைத்து வந்தார். 1897 இல் உதகமண்டலம் சென்றவர், அதன் அடிவாரத்துச் சீகூர்க் கணவாயில் தாமே மலேரியாவுக்கு ஆளானார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் உதவியாளர் கொணர்ந்த குடம்பிகளிலிருந்து, சிறகிற் புள்ளியுடைய கபில நிற நுளம்புகள் தோன்றின. அவை அமரும்போது வால் மேலெழுந்து நின்றது. முட்டைகள் தோணி வடிவின. உசேன் கான் என்னும் நோயாளி, நுளம்பு ஒன்றுக்கு ஓரணா பெற்றுக் கடிபட இசைந்தார். (அணா பெற்ற அம்மனிதரின் பெயரையும் நம் மாணவர் நினைவிற் கொள்வது நன்று.) தாங்கொணா வெப்பம், பங்கா வீசினால் அறுத்த பூச்சிகள் பறந்துவிடும், நுணுக்குக்காட்டியின் திருகாணிகளோ வியர்வையால் துருவேறியிருந்தன. ஆகஸ்ட் 20 இல், நுளம்பின் இரைப்பைச் சுவரில், மனித இரத்தத்தில் தாம் முன்னர் கண்டிருந்த அதே கருநிறத் துணிக்கைகளை றொஸ் கண்டார்.

விரைவிலேயே அரசு அவரை இராஜபுதனத்துக்கு மாற்றியது. பின்னர் 1898 இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, ஒட்டுண்ணி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் காட்டினார். அதே ஆண்டில் இத்தாலியின் கிராசி, மனித மலேரியாவைக் காவுவது அனோபிலிஸ் இனமே என்று நிறுவினார். விலங்கியலாளரான கிராசி நுளம்பின் பெயரைத் திட்டமாகக் கூறவல்லவர். றொஸ்ஸால் அது இயலவில்லை. இருவரும் முதன்மைக்காகக் கசப்புடன் பூசலிட்டமை வருந்தத்தக்கது. 1902 இல் நோபல் பரிசு றொஸ்ஸுக்கே கிடைத்தது. 1932 செப்டெம்பர் 16 இல் அவர் மறைந்தார்.

இரண்டாண்டுகளின் பின், 1934-35 இல், இலங்கையில் மலேரியா 80,000 பேரளவில் பலிகொண்டது. காவியது அனோபிலிஸ் குலிசிபேசிஸ். அப்பெயரினுள்ளும் கண்ணாற் பிரித்தறிய முடியாத உடன்பிறப்பினங்கள் பல அடங்கியுள்ளன என்பது பின்னரே தெளிவாயிற்று. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே மன்னாரில், கிணறுகளில் எடுக்கப்பட்ட குடம்பிகளை ஆராய்ந்தோர், அதுவரை அத்தீவிற் காணப்படாத, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சியை இனங்கண்டனர்.