தரைப்படையிலிருந்து பிரிந்த வானம்

அமெரிக்கா 2019 டிசம்பர் 20-இல் விண்வெளிப் படையைத் தனிப் படையாக அமைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த யோசனை நாடாளுமன்றத்தில் எழுந்தபோது, விமானப் படையின் தலைமையே அதை எதிர்த்தது. செலவு கூடும், அதிகார அடுக்குகள் பெருகும் என்பவை அது சொன்ன காரணங்கள். விமானப் படை தனியே பிரிவதற்கு எதிராக ஒரு காலத்தில் தரைப்படையினர் அடுக்கிய காரணங்களில் இவையும் இருந்தன. அந்தப் பழைய வழக்கை வென்று கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி ஆர்னால்டு.

1886-இல் பென்சில்வேனியாவில் பிறந்த அவர், 1911-இல் டேட்டன் நகரில் ரைட் சகோதரர்களின் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றார். மறு ஆண்டே கன்சாஸ் மாநிலத்தின் ரைலி கோட்டை அருகே அவரது விமானம் கட்டுப்பாடிழந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். அச்சத்தால் நான்கு ஆண்டுகள் அவர் விமானம் ஓட்டவே இல்லை. வான்படைக்குத் தனி அமைப்பு வேண்டுமென்று வாதாடிய பில்லி மிட்செல் 1925-இல் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, ஆர்னால்டு அவருக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் ரகசியமாக ஆதரவு திரட்டினார். தண்டனையாக அவர் அனுப்பப்பட்ட இடம், அதே ரைலி கோட்டை.

1938-இல் தமக்கு முந்தைய தலைவர் விமான விபத்தில் இறக்கவே, ஆர்னால்டு அப்பொறுப்புக்கு வந்தார். அப்போது சுமார் 20 ஆயிரம் பேர் கொண்டிருந்த பிரிவு, 1944-இல் ஏறத்தாழ 24 லட்சம் பேர் கொண்டதாக வளர்ந்தது. எனினும், வளர்ச்சி மட்டுமே தகுதியை உயர்த்திவிடவில்லை. பிரிட்டனின் விமானப் படை தனிப் படையாதலால் கூட்டுத் தளபதிகள் கூட்டத்தில் அதன் தலைவர் அமர்ந்தார். அவருக்கு எதிரே அமர அமெரிக்காவுக்கும் ஒருவர் தேவைப்பட்டார். அந்த நாற்காலி ஆர்னால்டுக்குக் கிடைத்தது. சட்டம் தராத சமநிலையைக் கூட்டணியின் நடைமுறை தந்தது.

அவரது கணக்குகள் எல்லாம் சரியாக இருக்கவில்லை. துணை விமானங்கள் இல்லாமலேயே குண்டுவீச்சு விமானங்கள் இலக்கை அடைந்து திரும்பும் என்ற நம்பிக்கைக்கு, 1943 அக்டோபர் 14-இல் ஷ்வைன்ஃபுர்ட் தாக்குதலில் ஒரே நாளில் 60 விமானங்கள் விலையாயின. 1945 மார்ச்சில் டோக்கியோவை எரித்தது அவர் நேரடியாகத் தலைமை தாங்கிய 20-ஆம் விமானப் படை. ஓரிரவில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டனர். தனிப் படைக்கான வாதத்தை வலுப்படுத்தும் அவசரமும் அந்தப் போர்முறைக்குள் இருந்தது என்பதே என் கருத்து.

நான்கு முறை மாரடைப்புக்கு ஆளான அந்த மனிதர், போர் முடியுமுன்னரே அடுத்த போட்டியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். 1944 செப்டம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில் நின்ற காருக்குள் அமர்ந்து, விஞ்ஞானி தியோடர் வான் கார்மானிடம் எதிர்காலத்துக்கான ஆராய்ச்சியை ஒப்படைத்தார். 1945-இல் ஒரு கோடி டாலர் ஒதுக்கி ராண்ட் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். பொருளாதாரம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் அந்நியமல்ல. கென்னத் ஆரோவின் சமூகத் தெரிவுக் கோட்பாடு உருவானது அங்கேதான். அதன் முதல் அறிக்கை, 1946 மே மாதத்தில், பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோளைப் பற்றியது. ஸ்புட்னிக் பறக்க அப்போது இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன.

1947 செப்டம்பர் 18-இல் விமானப் படை தனிப் படையானபோது ஆர்னால்டு ஓய்வுபெற்றிருந்தார். 1949-இல் அப்படையின் ஐந்து நட்சத்திரத் தளபதி என்ற தகுதி அவருக்கு அளிக்கப்பட்டது. இன்றுவரை அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. 1950 ஜனவரி 15-இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் காலமானார்.

விஞ்ஞானிகளுடன் தொடர்பு பேண அவர் அமர்த்திய இளம் அதிகாரி பெர்னார்டு ஷ்ரீவர், 1954 முதல் வழக்கமான படைப்பிரிவுகளுக்கு வெளியே தனி அலுவலகம் அமைத்து, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை உருவாக்கினார். விண்வெளிக்கென விமானப் படைக்குள் ஒரு தலைமையகம் அமைந்தது 1982-இல்தான். அங்கிருந்து அது வெளியேற மேலும் 37 ஆண்டுகள் ஆயின.