மார்செல் டோல்கோவ்ஸ்கி

மார்செல் டோல்கோவ்ஸ்கி (டிசம்பர் 25, 1899 – பெப்ரவரி 10, 1991) வைரத்தின் வெட்டு விகிதங்களைக் கணித முறையில் ஆராய்ந்த பெல்ஜியப் பொறியாளர் ஆவார்.

வாழ்க்கை

ஆண்ட்வெர்ப் நகரில் வைரம் பட்டை தீட்டும் குடும்பத்தில் பிறந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1919 இல் டைமண்ட் டிசைன் என்னும் நூலை வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவில் குடியேறினார்.

ஆய்வு

வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.42 ஆகும். அடிப்பகுதி அளவுக்கு மீறி ஆழமாகவோ தட்டையாகவோ அமைந்தால், உட்புகும் ஒளி மேலே திரும்பாமல் வெளியேறிவிடும். மேலே திரும்பும் ஒளியின் பொலிவும் நிறப்பிரிகையும் சமநிலை பெற, வட்ட வைரத்தின் மேல்தளம் விட்டத்தில் 53%, மேற்பகுதிக் கோணம் 34.5°, அடிப்பகுதிக் கோணம் 40.75° என இருத்தல் வேண்டும் எனக் கணித்தார். இவ்விகிதங்களைப் பெறக் கல்லின் எடையில் ஒரு பகுதியை இழக்க நேரிடும். எடையா, ஒளியா என்னும் கேள்விக்கு அவரது கணக்கு ஓர் அளவுகோலைத் தந்தது.

தாக்கம்

அவரது கணக்கு வைரத்தின் குறுக்குவெட்டை மட்டுமே கருதியது. முப்பரிமாணக் கணினி ஆய்வுகள், வேறு கோணச் சேர்க்கைகளும் சிறந்த ஒளியைத் தரும் எனக் காட்டின. அமெரிக்க இரத்தினவியல் கழகம் 2006 இல் வட்ட வைரங்களுக்கு வெட்டுத் தரம் வழங்கத் தொடங்கியபோது, ஒரே விகிதத்தை வலியுறுத்தவில்லை. கோணங்களை உள்ளிட்டு மதிப்பெண் பெறும் இணையக் கருவிகள் பொருந்தாத கற்களை விலக்க உதவும். பட்டைகளின் சீர்மையையும் மெருகையும் கல்லை நேரில் நோக்கி அறியலாம்.