விடுதலைக்குப் பின்னும் விலங்கா?

மல்லாங்கிணறு கடைவீதியில் மாலை வேளையில் ஏடு படிக்கக் கூடும் தோழர்கள் சென்ற கிழமை நம்மை மடக்கிக்கொண்டார்கள். குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்கலாமா? கேட்டால் கொடுக்கலாமா? கொடுத்தால், நாளைக்குப் பணம் படைத்தவனெல்லாம் பெயரைத் துடைத்துக்கொண்டு போய்விட மாட்டானா? இதுதான் கேள்வி.

பொழுதுபோக்குக்கு எழுந்த கேள்வியல்ல. நம் மாவட்டத்து மேல்முறையீடுகள் போகிறதே, அந்த மதுரைக் கிளையிலேயே எழுந்த கேள்வி. ஒருவர் மீது குற்ற வழக்கு. 2014-ல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. விடுவித்து என்ன பயன்? தீர்ப்பு இணையத்தில் கிடக்கிறது. அவர் பெயரைத் தட்டினால் வழக்கு வந்து நிற்கிறது. பெயரை மறைக்க வேண்டுமென்று மனுப் போட்டார். சட்டமோ விதியோ இல்லாமல் இதைச் செய்ய இயலாதென்று 2021-ல் தனி நீதிபதி தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, மறைக்கத்தான் வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை போட்டது.

சட்டப் புத்தகத்தைப் புரட்டி விடை சொல்ல நாம் வக்கீல் அல்ல. நாடறிந்த ஒருவரின் கதை நமக்குத் தெரியும். அதைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29-ல் பிறந்தவர் என்.எஸ். கிருஷ்ணன். ஏழை வீட்டுப் பிள்ளை. நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்ற கை அது! விற்றுக்கொண்டே மேடையைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே கற்றார். வில்லுப்பாட்டு, பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு, பிறகு படவுலகம். டி.ஏ. மதுரம் அம்மையார் கலையிலும் வாழ்விலும் துணையானார். இருவரும் திரையில் தோன்றினால் கொட்டகை குலுங்கும். ஆனால் அவர் வெறும் கோமாளியா? சோதிடம், சடங்கு, சாதி ஆணவம் என்று ஒவ்வொன்றையும் சிரிப்பாலேயே சுட்டுப் பொசுக்கினார். நாம் நூறு மேடை ஏறிச் சொன்னதை அவர் நாலு நிமிடக் காட்சியிலே சொல்லிவிட்டுப் போனார். பொறாமையாகத்தான் இருக்கிறது!

அந்த நாளில்தான் சென்னையிலே ஒரு வாணிபம் தழைத்தது. சரக்கு எது தெரியுமா? மனிதர் மானம்! லட்சுமிகாந்தன் என்பவர் 1943-ல் சினிமா தூது என்ற ஏட்டைத் தொடங்கினார். நடிகர் வீட்டுப் படுக்கையறை, நடிகையின் கடந்த காலம், செல்வர் வீட்டுச் சச்சரவு ஆகியவையே செய்தி. எழுதாதிருக்கப் பணம் கொடுத்தவர் உண்டு. எழுதியதால் தலைகுனிந்தவர் பலர். கேட்டால் என்ன சொல்வார்கள் இப்படிப்பட்டவர்கள்? பொதுநலம் என்பார்கள்! அடுத்த வீட்டுச் சன்னலில் காதை ஒட்டிவைப்பதற்குப் பொதுநலம் என்றா பெயர்?

பாதிக்கப்பட்டோர் என்ன செய்தார்கள்? பாகவதரும் கலைவாணரும் படத்தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். போர்க்காலம், ஏடு நடத்த உரிமம் வேண்டும். உரிமம் போயிற்று. லட்சுமிகாந்தன் சும்மாயிருக்கவில்லை. இந்து நேசன் என்ற ஏட்டைக் கைப்பற்றி அதே கடையைத் திரும்பவும் திறந்தார்.

1944 நவம்பர் 8. வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மாண்டார். எவ்வளவு இழிந்த எழுத்தானாலும் அதற்குக் கத்தியா விடை? அல்லவே அல்ல. வழக்கு மன்றம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஆனால் கத்தி பிடித்தது யார் என்பதற்கு விடைதேடிய போலீஸ், அவர் எழுத்தால் புண்பட்டவர்களின் பட்டியலைத்தான் எடுத்தது. பாகவதர் கைது. கலைவாணர் கைது. நாயுடு கைது. மற்றும் சிலர்.

இங்கே ஒரு கொடுமையைக் கவனியுங்கள். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ் பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம். பாகவதரின் பாட்டும் கலைவாணரின் சிரிப்பும் கேட்க மக்கள் வரிசையில் நின்றார்கள். வெள்ளித்திரையிலே சிரித்தவர் சிறைக்கொட்டடியிலே இருந்தார்!

உயர்நீதிமன்ற செஷன்ஸில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் விசாரணை. நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதரும் கலைவாணரும் குற்றவாளிகள் என்றே ஜூரிகளில் பெரும்பாலோர் சொன்னார்கள். 1945 மே மாதம் ஆயுள் முழுவதற்கும் தீவாந்தர தண்டனை. அதே உயர்நீதிமன்றத்தில் செய்த அப்பீலும் அந்த ஆண்டிலேயே தள்ளுபடி. முடிந்தது என்றார்கள் பலர். நேற்றுவரை கைதட்டியவர்கள், எங்களுக்கு அப்போதே தெரியும் என்று பேசத் தொடங்கினார்கள். இந்த அப்போதே தெரியும் கூட்டம் எல்லாக் காலத்திலும் உண்டு.

முடியவில்லை. மதுரம் அம்மையார் முடிய விடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் துணைநிற்க நாடகக் குழு நடந்தது. பைத்தியக்காரன் நாடகம் மேடையேறியது, பின்னர் 1947-ல் படமுமாயிற்று. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. மீண்டும் ஆராய்க என்று திரும்பி வந்தது. எத்திராஜ் வாதாடினார். நீதிபதிகள் ஹாப்பல், ஷஹாபுதீன் இருவரும் சாட்சியங்களை மறுபடி எடைபோட்டார்கள். எடை நிற்கவில்லை. 1947 ஏப்ரலில் விடுதலை. சிறையில் கழிந்தது ஏறத்தாழ 30 மாதம்.

தோழர்களே, உங்கள் கேள்விக்கு முதல் பாதி விடை இங்கே இருக்கிறது. சாட்சி என்ன சொன்னார், நீதிபதி ஜூரிகளுக்கு எப்படி எடுத்துச் சொன்னார், எதை நம்பித் தண்டித்தார்கள் என்பதெல்லாம் ஏட்டில் ஏறியிருந்ததால்தான் மேல்மன்றம் பிழையைப் பிடித்தது. தீர்ப்பும் அதன் காரணமும் பூட்டிய அறைக்குள் கிடந்திருந்தால், 1945 தண்டனை மட்டுமே ஊர்வாயில் நின்றிருக்கும். 1947 விடுதலை யாருக்குத் தெரியும்? ஆகவே தீர்ப்பை மறை என்று எவர் சொன்னாலும் நாம் எதிர்ப்போம். 1994-ல் ஆட்டோ சங்கர் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கிலும், நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டதை எழுதத் தடையில்லை என்றே உச்சநீதிமன்றம் சொன்னது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை மட்டும் விலக்காக வைத்தது. அந்தப் பெயரை வெளியிடுவதைக் குற்றமென்று சட்டமும் 1983-லேயே சொல்லிவிட்டது. பெயர் மறைந்ததால் அந்த வழக்குகளில் நீதி குன்றிவிட்டதா? காரணம் அத்தனையும் தீர்ப்பிலேயே இருக்கிறதே!

இனி மறுபாதி. விடுதலையான கலைவாணருக்கு என்ன நேர்ந்தது? ஊர் திரண்டு வரவேற்றது. 1949-ல் அண்ணா எழுதிய நல்லதம்பியில் நடித்தார். அதிலே கிந்தனாராக வந்து, தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போன கதையைக் காலட்சேபமாகச் சொன்னார். கலைஞரின் உரையாடலோடு 1951-ல் மணமகள், 1952-ல் பணம் இரண்டையும் இயக்கினார். சம்பாதித்ததை வாரிக் கொடுத்தார். கொடுத்தே ஓய்ந்து 1957 ஆகஸ்ட் 30-ல், 48 வயதில் கண்மூடினார். 1969 பொங்கலன்று சென்னை தியாகராயநகரில் அவர் சிலையைத் திறந்துவைத்தவர், நோயின் பிடியிலிருந்த அண்ணா. அதுவே அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி. கொலை வழக்கில் சிக்கியவர் என்று அந்தச் சிலையைச் சுட்டிக்காட்டுவார் உண்டா? லட்சக்கணக்கான மக்கள் அவருடைய விடுதலையைத் தங்கள் நெஞ்சிலே எழுதிவைத்துக் கொண்டார்கள். பாகவதருக்கோ அந்தக் கொடுப்பினையும் முழுதாக வாய்க்கவில்லை. வெளியே வந்தபின் எடுத்த படங்கள் பழைய புகழைத் தரவில்லை. 1959-ல் மறைந்தார்.

மல்லாங்கிணற்றுப் பிள்ளை ஒருவன், பொய் வழக்கில் மாட்டி விடுதலையானான் என்று வைத்துக்கொள்வோம். சிவகாசி அச்சகம் ஒன்றில் கணக்கெழுத வேலை கேட்டுப் போகிறான். முதலாளி கைப்பேசியில் பெயரைத் தட்டுகிறார். நாற்பது பக்கத் தீர்ப்பு வருகிறது. கடைசிப் பக்கம்வரை படிப்பாரா அவர்? முதல் பக்கத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் என்ற சொல்லைப் பார்த்ததுமே பிறகு சொல்லியனுப்புகிறேன் என்பார். அவனுக்கு நாடகக் குழு ஏது? எத்திராஜ் ஏது? சிலை திறக்க யார் வருவார்?

அவன் பெயரை மறைக்கலாம். மறைக்க வேண்டும் என்பதே நம் கட்சி. தீர்ப்பின் காரணம் ஒரு வரி குறையக்கூடாது. நீதிபதி பெயரும், விசாரித்த அதிகாரி பெயரும், வழக்குத் தொடுத்த அரசின் பெயரும் அப்படியே நிற்கட்டும். பொதுப் பணத்தைக் கையாண்டவர், பதவியிலிருந்தவர், அந்தப் பதவி தொடர்பான வழக்கிலே விடுதலையானால் அவர் பெயரும் நிற்க வேண்டும். அவர் எப்படி விடுதலையானார் என்று பார்க்க நாட்டுக்கு உரிமை உண்டு. நாளைக்குப் பணம் படைத்தவன் துடைத்துக்கொள்வானே என்று அஞ்சிய தோழருக்கு இதுதான் நம் விடை.

இன்னும் ஒன்றுண்டு. 2024-ல் பெயர் மறைப்பு ஆணை பெற அந்த மனுதாரர் தனி நீதிபதியிடம் போய், தோற்று, அமர்வுக்குப் போய், பிறகு தில்லிவரை வழக்கு இழுபட்டதே! அத்தனை செலவுக்கு நம் கடைவீதிப் பிள்ளை எங்கே போவான்? விடுதலை என்று தீர்ப்பு எழுதும் அன்றே, அதே மன்றத்தில், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பெயரை மறைத்த படி இணையத்தில் ஏற வேண்டும். அசல் மன்றத்தின் காப்பறையில் இருக்கட்டும். அதற்கான விதியை எழுதச் சொல்லித்தான் நாம் கேட்கிறோம்.